ஓலைக்கு முந்தின நாள்

வேப்பமரத்துக்குப் பின்னால் ஒண்டி நின்ற கிளமெண்ட், மங்கி குல்லாவைப் புருவம் வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டார். எதிரே மைதானத்தில், மஞ்சள் பனியன் போட்ட டோனி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டினான், அவிழ்த்தான், மறுபடியும் கட்டினான். எழுந்து ஓடுகிற வழியைக் காணோம்.

டோனி, கிளமெண்டின் மகள் ஆன்மேரிக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை. பரவையில் வீடு, பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். நாளை ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், இரண்டு ஊர்க் கோயிலிலும் முதல் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் ஊரறிய வாசித்துவிட்டால் அப்புறம் பின்வாங்க முடியாது. வாங்கினால் பெண்ணுக்குத்தான் பேர் கெடும்.

இந்த நேரம் பார்த்தா அந்த மொட்டை போன் வர வேண்டும்? மாப்பிள்ளைக்கு இளைப்பு நோய் இருக்கிறது, பி.டி. வாத்தியார் என்று பேர்தான், விசில் ஊதுவதோடு சரி என்று ஒரு குரல் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. அதிலிருந்து கிளமெண்டுக்குச் சோறு இறங்கவில்லை. டோனியும் அவன் அம்மாவும் மட்டும் பெண் பார்க்க வந்த அன்று, பஜ்ஜி தின்றபோது அவன் இருமியது வேறு இப்போது ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

தினமும் காலையில் இந்த மைதானத்தில்தான் ஓடுவேன் என்று அன்றைக்கு அவனே சொல்லியிருந்தான். அதையும் பார்த்துவிடுவோமே என்று மனைவி பாக்கியமேரியிடம் கூட மூச்சுவிடாமல், வாடிப்பட்டியில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார் கிளமெண்ட்.

டோனி எழுந்தான். ஓடவில்லை. கையைச் சுழற்றினான், இடுப்பை வளைத்தான், நின்ற இடத்திலேயே குதித்தான். ஓடத் தெம்பில்லாதவன் பொழுதைப் போக்குகிறான் என்று கிளமெண்ட் முடிவு கட்டினார். சந்தேகம் பிடித்த கண்ணுக்கு எதுவும் நேராகத் தெரியாது.

"அண்ணே, இப்பிடி மறைஞ்சு நின்னீங்கன்னா பிள்ள புடிக்கிறவன்னு நெனச்சு அடிச்சுப்புடுவாங்க."

கிளமெண்டுக்குத் தூக்கிவாரிப்போட்டது. திரும்பினார். மப்ளர் சுற்றிய ஒருவர் சிரித்தபடி நின்றிருந்தார். நானும் வாக்கிங் வந்தவன்தான் என்று கிளமெண்ட் ஒரு பொய்யை எடுத்துவிட்டார். அப்படியானால் வாருங்கள், சேர்ந்தே நடப்போம் என்று அவர் விடாப்பிடியாகக் கூப்பிட்டார். வேவு பார்க்க வந்த இடத்தில் பிகு பண்ண முடியுமா?

நடந்துகொண்டே கிளமெண்ட் நைசாகக் கொக்கி போட்டார். அந்த மஞ்சள் பனியன் தம்பி ஏன் ஓடாமல் இருக்கிறார், உடம்புக்கு ஏதும் கோளாறோ? உடம்பைச் சூடேற்றாமல் ஓடினால் சதை பிடித்துக்கொள்ளும், அவன் அதைத்தான் செய்கிறான் என்றார் மப்ளர்காரர். கிளமெண்டுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒருத்தர் உடம்பு நல்லாயிருக்கா இல்லையா என்று எதை வைத்துத்தான் சொல்வது என்று கேட்டார்.

"ஓட்டம் மட்டும் போதாதுண்ணே. தம் இருக்கணும், கைகாலுல பலம் இருக்கணும், உடம்பு வளையணும், ஒத்தக் கால்ல ஆடாம நிக்கணும். அடுத்தவனப் பாத்தா புரியாது. நீங்களே செஞ்சு பாருங்க."

மறுத்தால் குட்டு உடைந்துவிடும். கிளமெண்ட் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து கால் கட்டைவிரலைத் தொட்டார். ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றார். இரும்புக் கம்பியைப் பிடித்துத் தொங்கினார். மெதுவாக ஒரு ரவுண்டு ஓடிவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு, மப்ளர்காரர் மட்டும் ஓரமாக நின்றுகொண்டார்.

திரும்பி வந்ததும், "படபடன்னு வருதாண்ணே? நெஞ்ச அடைக்குதா?" என்று முகத்தையே பார்த்துக் கேட்டார். பிள்ளைகள் கூட இப்படி விசாரித்ததில்லையே என்று கிளமெண்டுக்கு மனசு உருகிவிட்டது. தினமும் ஆபீஸுக்குச் சைக்கிள் மிதிக்கிற உடம்பு, இதற்கெல்லாம் அசராது என்று பெருமையாகச் சொன்னார். அப்படியா, இன்னொரு ரவுண்டு போய்வாருங்கள் என்றார் அவர்.

அந்த ரவுண்டில் பாதி தூரம் போயிருப்பார். விர்ரென்று காற்று மாதிரி ஒருவன் அவரைத் தாண்டிப் போனான். டோனி! கிளமெண்ட் குல்லாவை இழுத்துக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டு ஓடினார். அவர் முடித்து நின்ற பிறகும் டோனி நிற்கவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தான். கடைசியில் நின்றபோதும் வாயை மூடி மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

இளைப்பாவது கிளைப்பாவது. கிளமெண்டின் மனசிலிருந்த பாரம் இறங்கியது. என் மகளுக்கு ஒரு குறையும் வராது என்று நினைத்தபோது சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

மப்ளர்காரர் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த கையோடு கிளமெண்ட் பாக்கியமேரிக்குப் போன் போட்டு, நாளைக்கு ஓலை வாசிக்கலாம் என்று சாமியாரிடம் சொல்லிவிடச் சொன்னார். ஜன்னல் வழியாக மப்ளர்காரருக்குக் கும்பிடு போட்டார். அவரும் கும்பிட்டார்.

பஸ் கண்ணுக்கு மறைந்ததும், அவரும் தன் போனை எடுத்தார்.

"அக்கா, லாசர் பேசுறேன். பொண்ணு வீட்டுல வம்சத்துக்கே நெஞ்சு வீக்குன்னு நமக்கு ஒரு மொட்ட போன் வந்துச்சுல்ல, அது சுத்தப் பொய்யி. நீ பயப்படாம டோனி கல்யாண வேலையப் பாரு."

எதிர்முனையில் அக்கா, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்க வேண்டும்.

"நீ போட்டோவுல காட்டுன அதே மூஞ்சி, மைதானத்துல மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னுச்சு. பொண்ணோட அப்பாவ ரெண்டு ரவுண்டு ஓடவிட்டுப் பாத்துட்டேன்க்கா."