மிச்சமெல்லாம் குப்பை

எல்வுட்டின் பெயருக்கு நேரே 1412 என்று கணினித் திரையில் விழுந்ததும் கார்னெட்டுக்கு வயிறு எரிந்தது. பக்கத்துக் கட்டத்தில் பவுண்டு என்ற சொல் வேறு சமர்த்தாக வந்து உட்கார்ந்தது.

"யாருப்பா முன்னாடி நிக்கிறது?" என்று காபியும் டோனட்டுமாக வந்தாள் பெர்னிஸ். பூசணித் திருவிழாவின் செயலாளர் அவள்தான்.

"வேற யாரு? எல்வுட்தான்."

"அடேயப்பா! ஏழாவது வருஷமுமா?" என்றாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பெரிய பூசணிக்கான போட்டியில் ஆறு வருடங்களாக எல்வுட் முதல், கார்னெட் இரண்டாவது. நோவா ஸ்கோஷியாவில் எங்கள் ஊர்த் தீயணைப்புக் கூடத்துப் பலகையில் முதல் பரிசுக்காரன் பெயரை மட்டும்தான் பொறிப்பார்கள். இந்த ஒரு தடவையாவது அந்தப் பலகையில் ஏறிவிட வேண்டும் என்று மே மாதத்திலிருந்து கார்னெட் தோட்டமே கதியென்று கிடந்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் எல்வுட்டுக்கு என்ன குறை? கண்ணாடிக் குடில், பாரம் தூக்க ஊருக்கே ஒன்றான ஃபோர்க்லிஃப்ட், போதாக்குறைக்கு நல்லவன் என்ற பேர் வேறு. அந்த நல்ல பேரைத்தான் கார்னெட்டால் தாங்கவே முடியவில்லை.

அவரவர் தோட்டத்திலேயே காயை எடை போட்டு மெசேஜ் அனுப்ப வேண்டும். பன்னிரண்டு மணிக்கு முதல் ஐந்து பேரின் பட்டியல் ஒட்டப்படும். அந்த ஐந்து காய்கள்தான் மேடை ஏறும். "அப்புறம் தலைகீழா நின்னாலும் மாத்த மாட்டேன்" என்று பெர்னிஸ் முன்பே சொல்லிவிட்டாள்.

நம் ஆட்கள் ஒழுங்காகவா அனுப்புவார்கள்? "1180பவுண்டு." "540 கிலோ, அசப்புல என் மாமியார் மாதிரியே இருக்கு." "1265 பவுண்டு, மேல பூனை உக்காந்திருக்கு, அதைக் கழிச்சுக்கோங்க."

இதிலிருந்து எண்ணை ஒரு கட்டத்திலும் அலகை இன்னொரு கட்டத்திலும் பிரித்துப் போட, கணினிப் பொறுப்பிலிருந்த கார்னெட் ஒரே ஒரு வரி ரெகெக்ஸ் எழுதியிருந்தான்; எழுத்துக் குவியலில் வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுக்கிற கட்டளை அது. முதலில் இலக்கங்கள், நடுவில் இடைவெளி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அப்புறம் பவுண்டோ கிலோவோ. "எண்ணும் அலகும் போதும், மிச்சமெல்லாம் குப்பை" என்பான். குப்பை திரைக்கே வராது; செல் யாருடையதோ அவர் பெயர் மட்டும் பக்கத்தில் தானே விழும். கிலோவைப் பவுண்டாக்கி வரிசைப்படுத்துவதும், ஐந்நூறுக்குக் கீழே வந்தால் யாரோ விளையாடுகிறார்கள் என்று கழித்துவிடுவதும் அவன் புரோகிராமின் வேலை.

போன வருடம் எல்வுட்டால் அதற்கு ஒரு தொல்லை வந்தது. வங்கியில் குப்பை கொட்டிய ஆள், ஆயிரத்துக்குப் பின்னால் கமா போடாவிட்டால் அவனுக்குக் கையே ஓடாது. ஊரில் வேறு யாரும் போடுவதில்லை. அந்த ஒருவனுக்காகத்தான் கார்னெட் தன் வரியில் கமாவைச் சேர்த்திருந்தான்.

இப்போது அந்தக் கமாவின் மேலேயே அவன் கண் போய்ப் போய் நின்றது.

செல்போன் அடித்தது. வீட்டு ஃபோனிலிருந்து மனைவி டோரீன்.

"கார்னெட், காயைத் தூக்கி, எடை போட்டு, மெசேஜும் போயாச்சு! எவ்வளவுன்னு நான் சொல்ல மாட்டேன். நீயே பாரு, ஆடிப் போயிடுவ!"

"சரி சரி, வேலையா இருக்கேன்" என்று வெட்டிவிட்டான்.

ஆடிப் போக என்ன இருக்கிறது? நாடா பிடித்து அளந்த கணக்குப்படி அவன் காய் ஆயிரத்து முந்நூற்றைம்பதைத் தாண்டாது. டோரீன் பெயர் இன்னும் திரையில் வரவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் சிக்னல் ஆடி அசைந்துதான் வரும். வந்துதான் என்ன, மறுபடி இரண்டாவது!

பன்னிரண்டாக மூன்று நிமிடம். பெர்னிஸ் கூடத்தின் அந்தக் கோடியில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கார்னெட் ஒரே ஒரு பொத்தானை அழுத்தினான். அவன் வரியிலிருந்து கமா போயிற்று.

கமாவுக்கு முன்னால் இருந்த ஒன்று கழன்று, எல்வுட்டுக்கு வெறும் 412 மிஞ்சியது. ஐந்நூறுக்குக் கீழே என்று புரோகிராம் அவனைப் பட்டியலை விட்டே தூக்கிவிட்டது. கார்னெட் டோனட்டை எடுத்துக் கடித்தான். இத்தனை வருடத்தில் அது அவ்வளவு இனித்ததே இல்லை.

பன்னிரண்டு அடித்ததும் பெர்னிஸ் பட்டியலை அச்செடுத்து வாசலில் ஒட்டிவிட்டாள். கார்னெட் பின்னாலேயே ஓடிப் போய்ப் பார்த்தான். முதலிடம் 1265, பூனைக்காரர். மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தும் அவன் பெயர் ஐந்தில் ஒன்றாகக்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்து ஆப்பிள் சைடர் பாட்டிலோடு எல்வுட் வந்து சேர்ந்தான். பட்டியலைப் படித்ததும் அவன் முகம் தொங்கிப் போயிற்று.

"என்னப்பா, உன் காயைத் தேடறியா?" என்றான் கார்னெட், குரலைப் பாவமாக வைத்துக்கொண்டு.

"என்னுதா? அது போன வாரமே வெடிச்சுப் போச்சு, பன்னிக்குப் போட்டாச்சு. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதை விடு, உன் பேரு எங்கடா?"

கார்னெட் பட்டியலையும் எல்வுட்டையும் மாறி மாறிப் பார்த்தான். "உன்னுது வெடிச்சுடுச்சா? அப்ப... நீ ஒரு மெசேஜ் அனுப்பினியே?"

"ஆமா, டோரீன் செல்லுல சார்ஜ் இல்ல. நான்தான் உன் காயைத் தூக்கி எடை போட்டு, என் செல்லுலேர்ந்து அனுப்பினேன்" என்றான் எல்வுட். "நம்பருக்குப் பின்னாடியே உன் பேரை எழுதியிருந்தேனே, படிக்கலையா?"