உறையும் மரக்கத்தியும்

ஒரு தோல் பட்டறையில் ஒரு மரக்கத்தி இருந்தது. அது எதையும் வெட்டியதில்லை. ஊறவைத்த தோலை அதன்மேல் இழுத்துப் போர்த்தி, அழுத்திக் காயவைப்பார்கள். தோல் உறையாக இறுகியதும் உருவி, உண்மையான கத்திக்குப் போட்டுவிடுவார்கள்.

அன்றைக்கு வந்த தோல் வாய் ஓயாமல் பேசியது. ஈரத்தோடு மரக்கத்தியைக் கட்டிக்கொண்டே, "அண்ணே, அவரும் உங்கள மாதிரியேதான் இருப்பாராமே? ஆனா பளபளன்னு மின்னுவாராம்!" என்றது.

அந்த 'அண்ணே'யில் மரக்கத்திக்கு வயிறு எரிந்தது.

"அவன் உன்னைக் கிழிச்சிடுவான்."

"கிழிச்சா கிழிக்கட்டும். உங்களுக்கு ஏன் இப்படிக் கடுகடுப்பு?"

ஈரம் ஏறாமலிருக்க மரக்கத்திக்கு மெழுகு பூசியிருந்தார்கள். மெழுகு தேய்ந்திருந்த ஓரிடம் வழியாக அது தோலின் ஈரத்தைக் குடித்தது. குடித்துக் குடித்து உப்பியது. இப்படி இறுக்கிப் பிடித்தால் யாரால் பிரிக்க முடியும்?

ஆனால் தோல் அந்தப் பருமனுக்கே காய்ந்து இறுகியதும், பட்டறைக்காரர் பல்லைக் கடித்து இழுத்ததில் உறை கையோடு வந்துவிட்டது. உண்மையான கத்தியை அதில் செருகினார். அது நில்லாமல் வழுக்கித் தரையில் விழுந்தது.

"சே, தொளதொளன்னு ஆயிடுச்சே!"

உறையை மரக்கத்திக்கே மறுபடி மாட்டி, ஆணியில் தொங்கவிட்டுப் போனார்.

மரக்கத்திக்கு வேறென்ன வேண்டும்? உறை இனி எங்கும் போகாது. ஆனால் ஈரம் உலர உலர மரக்கத்தி பழையபடி மெலிந்தது. உறை அதன்மேல் ஒட்டாமல் தொங்கியது.

"அண்ணே, கீழ விழுந்தாரே, அவருக்கு அடி பலமா பட்டிருக்குமா?" என்று கேட்டது உறை.