எஞ்சினுக்கு வைத்த பொட்டு

அணு இணைவு எஞ்சின் சாத்தியமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லத்தான் விண்வெளி மையத் தலைவர் சபாநாயகம் நாற்பது பக்க உரையோடு கட்டுப்பாட்டு அறைக்கு வந்திருந்தார். மூன்றாம் பக்கத்திலேயே எஞ்சின் பதில் சொல்லிவிட்டது. பற்றவில்லை.

கப்பலைப் பழைய ராக்கெட்தான் தள்ளிவிட்டிருந்தது. செவ்வாயில் பிரேக் பிடிக்க மட்டும் புது எஞ்சின். பத்து நிமிஷத்துக்குள் பற்றாவிட்டால் கப்பல் செவ்வாயைத் தாண்டி இருட்டுக்குள் போய்விடும். உள்ளே, கட்டுப்பாட்டு அறைப் பொறியாளர் பூங்கோதையின் கணவன் குமரகுரு. இங்கிருந்து குரல் போய்ச் சேரவே நான்கு நிமிஷம்.

"எஞ்சினோட கண்ணுக்கு எதுவும் தெரியல சார். பிளாஸ்மா வாயுவைப் பார்க்காம அது பத்திக்காது," என்ற பூங்கோதையின் பார்வை, சுவரில் மாட்டியிருந்த ஆயுத பூஜைப் படத்தில் போய் நின்றது. படத்தில் தலைவர் சிரித்தபடி எஞ்சினுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார், சரியாக அதன் கண்ணான சின்னக் கண்ணாடியின் மேல்.

"சார், மறைக்கிறது நீங்க வெச்ச சந்தனம்!"

"அதை அழிக்கிறது அபசகுனம்மா. முதல்ல ஜோசியரை ஒரு வார்த்தை..."

அவள் மைக்கை இழுத்துக்கொண்டாள். "என்னங்க, எஞ்சின் கண்ணாடியில இருக்கிற பொட்டைச் சுரண்டிடுங்க. இப்பவே!"

தலைவர் உரையை மடித்து வைத்தார்.

ஒன்பதாவது நிமிஷம் ஸ்பீக்கர் கரகரத்தது.

"சுரண்டிட்டேன் கோதை, பத்திக்கிச்சு. தலைவரைக் கவலைப்பட வேண்டாம்னு சொல்லு. சந்தனத்தைக் கீழே போடல, என் நெத்தியில வெச்சிருக்கேன்."