அட்டைக்கடி

காலையில் ஏலக்காட்டில் சுருண்டு விழுந்த செல்லக்கிளியை, போடிமெட்டிலிருந்து ஜீப்பில் மடியில் கிடத்திக் கொண்டுவந்திருக்கிறான் அவள் புருஷன் முத்துக்கண்ணன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள். சேலையில் இன்னும் மழை ஈரம். வாய் கோணியிருக்கிறது, வலது கை யாருடையதோ போலத் தொங்குகிறது. டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி கேட்கிறார்: “இதயம் தாறுமாறாத் துடிக்குதுன்னு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை குடுத்தாங்கள்ல? நேத்து போட்டாங்களா?” “தெனமும் போடுவா தாயி.” “அப்ப மூளையில அடைச்ச ரத்தக்கட்டியக் கரைக்கிற ஊசி போட முடியாதே. போட்டா ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்து.”

அவன் கட்டிலின் கால்மாட்டைப் பார்க்கிறான். அவள் கணுக்காலில் அட்டை கடித்த தழும்புகள் கறுத்துத் தெரிகின்றன. மாத்திரை போட்டால் அட்டைக்கடியில் ரத்தம் நிற்காமல் ஒழுகும். “மழை முடியிற மட்டும் அதைத் தொடாத, ஒழுங்கா காயெடுக்கப் போ” என்று சொன்னவன் அவன். “நெஞ்சு படபடங்குதே” என்றவளிடம், “புதுப்பொண்ணுன்னு நெனப்பு” என்று சிரித்தவனும் அவன்தான்.

“டாக்டரம்மா, பொய் சொல்லிட்டேன். ஆடி பொறந்ததுலருந்து அவ போடல. நாந்தான் நிறுத்தச் சொன்னேன்.” “நிச்சயமாவா?” “எம் புள்ளைக மேல சத்தியம்.” “சிஸ்டர், ஊசிய எடுங்க, சீக்கிரம்!”

வையட்டும், ஓங்கி அறையட்டும் என்று குனிந்து நிற்கிறான். யாருக்கும் அதற்கு நேரமில்லை. கட்டில் உள்ளே உருள்கிறது. செல்லக்கிளியின் இடது கை அவன் சட்டை நுனியைப் பிடித்திருக்கிறது. நர்ஸ்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிடுகிறாள்.