குளித்துவிட்டு அடித்த பெயிண்ட்

வேணு பெயிண்ட் அடித்த பொம்மைக் காரில் முகம் பார்த்துத் தலை வாரலாம். ஆதவன் அடித்ததில் அங்கங்கே தூசு. அவனுக்கு வயிறு எரிந்தது.

"என்னடா ரகசியம்?"

"குளிச்சிட்டுதான் அடிப்பேன்."

அவ்வளவுதானா! ஆதவனும் குளித்தான், விபூதி பூசினான், கறுப்புக் காரின் மேல் குனிந்து ஸ்ப்ரே அடித்தான். வெள்ளைப் புள்ளிகள். மறுநாள் பட்டை பட்டையாகப் பூசிக்கொண்டு அடித்தான். புள்ளி இன்னும் ஜாஸ்தி.

காரை வேணுவிடம் நீட்டினான். "அண்ணாமலையாருக்கும் உன்மேலதான்டா பாசம்!"

"குளிச்ச பாத்ரூம் ஈரமா இருக்கும், தூசு பறக்காது. அங்கயே அடிச்சிடுவேன். அதாண்டா விஷயம்."

வேணு ஒரு புள்ளியைச் சுரண்டி முகர்ந்தான். ஆதவனின் நெற்றியைப் பார்த்தான்.

"பாசம் உன்மேலதாண்டா. நீ குனிஞ்சப்ப நெத்தியிலிருந்து நேரா காருக்கே எறங்கி வந்திருக்காரு!"