இடது காலின் நடிப்பு

“ஒன்பதாவது தடவை, டெரல்! ஓட்டச் சொன்னா வண்டியைத் தவளை மாதிரி தாவ விட்டு நிறுத்துறியே!”

இயக்குநர் ஒலிபெருக்கியில் கத்த, படப்பிடிப்புக் கூட்டம் கொல்லென்று சிரித்தது. எட்டு சிலிண்டர் எஞ்சின் வைத்த மஞ்சள் பிளிமத் கார், கலிபோர்னியா மலைச்சாலையின் நடுவே மூச்சடங்கி நின்றது.

“நாளைக்கும் இப்படி நின்னா, ஸ்டண்ட்காரன் ஹாங்க்குக்கு விக் மாட்டி ஓட்ட விட்டுடுவேன். துரத்தல் காட்சி முழுக்க உன் முகமே இருக்காது!”

கதாநாயகனாக டெரலுக்கு இதுதான் முதல் படம். மகன் தானே கார் ஓட்டுகிறான் என்று ஓக்லஹோமாவில் அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். வசனம் வந்தது, அடிதடி வந்தது, முத்தம்கூட வந்துவிட்டது. பாழாய்ப்போன கிளட்ச்தான் வரவில்லை.

கார்களைப் பராமரிக்கும் வெல்மாவின் லாரிக்குப் பின்னால் போய் நின்றான்.

“வெல்மாக்கா, பெடலைப் பார்த்தாலே காலு நடுங்குது. யாருக்கும் தெரியாம ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மாட்டிக் குடுங்களேன். கிளட்ச் பெடலும் கியர் கம்பியும் சும்மா பேருக்கு இருக்கட்டும்.”

வெல்மா கிரீஸ் கையைத் துடைத்தபடி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“சரி, தொலை. சாயங்காலமே ஒண்ணு வரவழைக்கிறேன். யார்கிட்டயும் மூச்சு விடாதே.”

மறுநாள் காலை, கார் ஜன்னலில் குனிந்து கிசுகிசுத்தாள்.

“பெடலுக்கும் கியருக்கும் இனி ஒட்டுமில்ல உறவுமில்ல. ஆனா கேமரா உன் முழங்காலுக்குப் பக்கத்துல இருக்கு, கால் நல்லா நடிக்கணும். கியர் மாத்தும்போதெல்லாம் தரை தொட அமுக்கு. வெடுக்குனு விட்டா குட்டு வெளிப்பட்டுடும். முட்டை மேல இருந்து காலை எடுக்கிற மாதிரி மெல்ல விடு. நிறுத்தும்போதும் மறந்துடாதே.”

“அக்கா, நடிப்புதானே? அதை என்கிட்ட விடுங்க!”

நடுக்கம் போன இடம் தெரியவில்லை. டெரலின் இடது கால் பரிசு வாங்கப்போவது போல நடித்தது. முதல் கியர், இரண்டு, மூன்று, நாலு... பிளிமத் உறுமிக்கொண்டு மேடேறி, வளைவில் புழுதி கிளப்பி, குறித்த இடத்தில் வந்து நின்றது. ஒரே தடவையில் காட்சி முடிந்தது. இயக்குநர் தொப்பியை வானத்தில் எறிந்தார். ஹாங்க் தன் விக்கைத் தன் நாய்க்கு மாட்டிவிட்டான்.

பர்கரும் கையுமாக லாரிக்கு ஓடி வந்த டெரல், அங்கிருந்த மரப்பெட்டி மீது தொப்பென்று உட்கார்ந்தான்.

“பார்த்தீங்களாக்கா? நிஜமாவே கியர் மாத்துறேன்னு அத்தனை பேரும் நம்பிட்டாங்க!”

“நானே நம்பிட்டேன், போயேன்.”

“எல்லாம் நீங்க மாட்டின ஆட்டோமேட்டிக் பண்ண புண்ணியம். அதுக்கு ஒரு முத்தம் குடுக்கணும்போல இருக்கு!”

“தாராளமா குடு” என்றாள் வெல்மா. “முதல்ல அது மேல இருந்து எந்திரி. பெட்டியில ஒரு ஆணிகூட நான் இன்னும் பிடுங்கல.”