வலது காதுப் பூ

“அந்தப் பொம்பளைக்கு என்ன வயசிருக்கும்?” என்று கேட்டாள் மிரியாமா.

ரொட்டி வண்டிக்காகச் சாலையோரம் காத்திருந்தோம். எதிரே தெயூரா போய்க்கொண்டிருந்தாள். அவளுடைய வலது காதில் வெள்ளை வெளேரென்று ஒரு தியாரேப் பூ.

“அறுபது இருக்கும்,” என்றேன்.

“அறுபது வயசு. வீட்டுல புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கான். வலது காதுல பூ கேக்குதா?”

துணை உள்ளவர்கள் இடது காதில் வைப்பார்கள். வலது காதில் வைத்தால், ‘எனக்கு இன்னும் யாரும் அமையவில்லை’ என்று அர்த்தம். மோரேயாத் தீவில் இது தெரியாத ஆள் கிடையாது.

“ஒரு வாரமா பாக்குறேன். யாருக்காக வைக்கிறா?” மிரியாமா என்னை மேலும் கீழும் பார்த்தாள். “அவ வர்ற வழியிலதான் உன் வீடு. உன் பொண்டாட்டி போய்ச் சேந்தும் ரெண்டு வருஷமாச்சு.”

“அக்கா, எனக்குச் சட்டைப் பொத்தான் தைக்கவே நேரமில்லை.”

“அதுக்குத்தான் ஆள் தேடறியோ என்னவோ!”

மிரியாமா எங்கள் சபை மூப்பரின் மனைவி. சபைப் பாட்டுக் குழுவில் முதல் குரல் தெயூராவுடையது.

“இன்னிக்கே கேட்டுடறேன். ஒழுங்கா பதில் வரலைன்னா ஞாயித்துக்கிழமை பாட்டுக்கு அவ வேண்டாம். நீயும் வா, சாட்சிக்கு.”

ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் பின்னால் போனேன்.

தெயூராவின் கணவர் புனுவா, முற்றத்தில் தியாரேச் செடியருகே, வெட்டிய கம்பு ஒன்றைக் கையில் பிடித்தபடி குந்தியிருந்தார். ஊரில் பாதி வீட்டுச் செடிகள் அவர் கைபட்டு வேர்விட்டவை. இப்போது கொஞ்சம் மறதி என்று கேள்வி. சில மாதங்களாகத் தெயூரா யாரையும் வாசலைத் தாண்ட விடுவதில்லை.

அவர் எதிரே தெயூரா சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

“பாருங்கம்மா,” என்றார் புனுவா. “பென்சில் பருமன், ஒரு சாண் நீளம். கணுவுக்குக் கீழே வெட்டணும். அடி இலையெல்லாம் உருவிடணும்.”

“சரிங்க.”

“மேல ரெண்டு இலை போதும். அதையும் பாதியா நறுக்கிடுங்க, இல்லேன்னா கம்பு வாடிடும். மணல் கலந்த மண்ணு, நல்ல நிழல். தண்ணி தேங்கினா அழுகிடும். வேர் விட ரெண்டு மாசம் ஆகும். அதுக்குள்ள பிடுங்கிப் பிடுங்கிப் பாக்கக் கூடாது.”

“பாக்க மாட்டேன்.”

“எல்லாப் பொண்ணுங்களும் அப்படித்தான் சொல்றாங்க!”

இருவரும் சிரித்தார்கள். தெயூரா முள் எடுத்த மீன் துண்டை நீட்டினாள். அவர் வாங்கிச் சாப்பிட்டார்.

வாசலில் நின்றபடியே மிரியாமா என் காதில் கிசுகிசுத்தாள். “கட்டின பொண்டாட்டியை வாங்க போங்கன்னு பேசறான் பாரு. எவ்வளவு கோபம் இருந்தா இப்படிப் பேசுவான்! பாவம் அந்த மனுஷன்.”

அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. விறுவிறுவென்று உள்ளே போனாள். தெயூராவின் வலது காதிலிருந்த பூவைப் பிடுங்கி இடது காதில் செருகினாள்.

“இதுதான் பூவுக்கு இடம்!”

“ஐயோ, வேண்டாம் அக்கா!”

புனுவா அந்தப் பூவைப் பார்த்தார். மீன் வாங்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். அவசரமாக எழுந்தார்.

“மன்னிச்சுக்கங்கம்மா. கல்யாணமானவங்கன்னு தெரியாம பேசிட்டிருந்துட்டேன்.”

“இருங்க, சாப்பிட்டுட்டுப் போங்க.”

“இன்னொருத்தர் பொண்டாட்டி கையால நான் எப்படிச் சாப்பிடறது? உங்க வீட்டுக்காரர் மனசு என்ன பாடுபடும்!”

கம்பைக் கீழே வைத்துவிட்டு, கடற்கரைப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

“என்ன ஆச்சு இவருக்கு?” என்றாள் மிரியாமா.

“என்னை யாருன்னே தெரியலை அக்கா,” என்றாள் தெயூரா. “யாரோட பொண்டாட்டியோன்னு நெனச்சுக்கறார். இடது காதுல பூ இருந்தவரைக்கும் என் கையால தண்ணிகூட வாங்கலை. மூணு நாள் பட்டினி. பூவே வைக்காம போனா, ஒண்ணு பறிச்சு நீட்டிட்டு, எந்தக் காதுல வைக்கிறேன்னு பாக்கறார். போன வாரம் அவசரத்துல காது மாத்தி வச்சுட்டேன். அன்னிக்குத்தான் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டார். நான் ரொட்டி வாங்கப் போனாலும் வாசல்ல நின்னு பாத்துட்டே இருக்கார். அதான் வெளியிலயும் மாத்தறதில்லை.”

தட்டில் மீன் அப்படியே இருந்தது. சுட்ட சீமைப்பலாவை அவர் தொடவே இல்லை.

மிரியாமா குனிந்தாள். தெயூராவின் இடது காதிலிருந்த பூவை மெல்ல எடுத்து, வலது காதில் வைத்தாள். கலைந்திருந்த முடியையும் ஒதுக்கிவிட்டாள். பிறகு பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கடற்கரைப் பக்கமாக ஓடினாள்.

“புனுவா! எங்கே போறீங்க? வாங்க, இந்தப் பொண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆகலை!”